பழைய நிலைக்குப் புதுக் கதவு

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, கையில் மீன் குழம்புத் தூக்குடன் கிள்ளானில் அம்மா வீட்டு வாசலில் நின்றேன். கிரில் பூட்டைத் திறந்தாயிற்று. மரக் கதவின் பூட்டும் திரும்பியது. கதவு மட்டும் அசையவில்லை. நான் வெளியிலிருந்து தள்ள, அம்மா உள்ளேயிருந்து கைப்பிடியைப் பிடித்து இழுக்க, நிலையோடு ஒட்டிப் பிறந்ததுபோல் நின்றது. "தள்ளி நில்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தோளால் இடித்தேன். நான்காவது இடிக்குத் திறந்தது. கதவின் மேல்முனையில் பிளைவுட் தோல் ஒரு சாண் நீளத்துக்குப் பிய்ந்து தொங்கியது.

அம்மாவுக்கு வயது 74. அப்பா போன பிறகு அந்த ஒற்றை மாடி வரிசை வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். எங்களோடு வந்து இருங்கள் என்று நானும் அக்காவும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டோம்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"மழை பேஞ்சா கொஞ்சம் இறுகும். உங்கப்பா இருக்கும்போதும் அப்படித்தானே."

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கதவுக்குப் பின்னால் கிடந்த குழவிக்கல்லைப் பார்த்தேன். சமையலறையில் அம்மியின் மேல் இருக்க வேண்டியது, வாசலில் எதற்கு? முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்: "கதவு தானாப் போய்ச் சாத்திக்குது. ராத்திரி சாத்திக்கிட்டா காலையில திறக்க முடியல. அதான் கல்லை வச்சு நிறுத்திட்டுத் தூங்குறேன். கிரில்லு பூட்டித்தானே இருக்கு?"

மூன்று வாரமாக வாசல் கதவைச் சாத்தாமல் தூங்கியிருக்கிறார். பின் கதவு இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். அதன் முன்னால் துணி துவைக்கும் இயந்திரம். இரண்டு ஆண்டுக்கு முன் அதை அங்கே தூக்கி வைத்தவன் நான்தான். சாப்பாடு இறங்கவில்லை. அன்றைக்கே இயந்திரத்தை நகர்த்தி வைத்துவிட்டு, முன் கதவை என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

குழாய் ஒழுகுவது, கூரை ஒழுகுவது, சாயம் உரிவது எல்லாம் இந்தப் பகுதியில் எழுதியாயிற்று. கதவு மாற்றுவதை எழுதியதில்லை. காரணம், நான் செய்ததில்லை. இப்போது செய்துவிட்டேன். அதில் ஒரு தவறும் செய்தேன், அதையும் சொல்கிறேன்.

தெரிந்த குத்தகையாளர் ஒருவர் வந்து பார்த்தார். நிலையோடு உடைத்து எடுத்துவிட்டு, இரும்பு நிலையும் இரும்புக் கதவும் வைத்துவிடலாம் என்றார். சுவரை உடைக்க வேண்டும், பூச வேண்டும், ஓரத்து டைல்ஸ் ஒன்றிரண்டு போகும், மூன்று நாள் வேலை. அவர் சொன்னது தவறில்லை. நிலை இற்றுப்போன வீட்டுக்கு வேறு வழியும் கிடையாது. ஆனால் அம்மா வீட்டு நிலை இற்றுப்போயிருக்கிறதா என்று அவர் தட்டிப் பார்க்கவில்லை.

தட்டிப் பார்த்தவர் பெரியப்பா. சொந்தப் பெரியப்பா இல்லை, அப்பாவின் கூட்டாளி. காப்பார் பக்கம் ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுக்கு மேல் தச்சு வேலை பார்த்தவர். லயத்து வீட்டுக் கதவுகள், பள்ளிக்கூடத்து மேசைகள், ஒருமுறை தோட்டத்துக் கோவிலின் சப்பரம். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சொல்வார், நாம் செய்ய வேண்டும்.

வந்ததும் கதவைப் பார்க்கவே இல்லை. ஸ்குரு டிரைவரின் பிடியால் நிலையைக் கீழிருந்து மேலாக ஒவ்வொரு சாணுக்கும் தட்டிக்கொண்டே போனார். டொக், டொக் என்று கெட்டியாகக் கேட்டால் மரம் இருக்கிறது. பானையைத் தட்டியதுபோல் கேட்டால் உள்ளே கரையான் சாப்பிட்டுவிட்டது, வெளியே சாயம்தான் நிற்கிறது. நிலையின் அடிப்பாகம், தரையைத் தொடும் இடம், முக்கியம். அங்கேதான் மழைத் தண்ணீர் ஊறும், மண்குழாய் கட்டிக்கொண்டு கரையான் ஏறும். அந்த இடத்தில் ஸ்குரு டிரைவரின் முனையை வைத்து அழுத்திப் பார்த்தார். உள்ளே போகவில்லை.

"இது செங்கால் மரம்டா. 1984-ல வச்சது. இந்த மரத்தை இப்ப வாங்கிப் பாரு, விலை தெரியும். இதை எதுக்கு உடைக்கிற?"

பக்கத்தில் நின்ற அக்கா மகள், "செங்கல்லுல கதவு நிலை செய்வாங்களா தாத்தா?" என்றாள். வீடே சிரித்தது. செங்கால் நம் தீபகற்பத்துக் காட்டு மரம். கனமானது, கரையான் அவ்வளவு சுலபத்தில் வாய் வைக்காது. பழைய கம்பத்து வீடுகளின் தூண்களையும் மீன்பிடிப் படகுகளையும் இதில்தான் செய்தார்கள். உங்கள் வீடும் எழுபது, எண்பதுகளில் கட்டியது என்றால், எத்தனையோ கோட் சாயத்துக்கு அடியில் இப்படி ஒரு மரம் இருக்கலாம். உடைக்கும் முன் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

அப்படியானால் கோளாறு எதில்? கதவு இறுகுவதற்குப் பொதுவாக மூன்று காரணம் என்றார் பெரியப்பா. மூன்றையும் கதவைச் சுற்றியுள்ள இடைவெளியே காட்டிக்கொடுக்கும். கீல் பக்கம் மேலே இடைவெளி அகன்று, பூட்டுப் பக்கம் மேல்மூலை மட்டும் உரசினால் கீல் தளர்ந்து கதவு தொங்குகிறது. அதற்குப் புதுக் கதவே வேண்டாம். ஸ்குரு ஓட்டையில் மரப்பசை தடவிய தீக்குச்சிகளை அடைத்து, காய்ந்த பிறகு மறுபடி முடுக்கினால் போதும். மழைக்காலத்தில் பூட்டுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இறுகி, வெயில் காலத்தில் சரியாகிவிட்டால் கதவு நீர் குடிக்கிறது. எந்தக் காலத்திலும் இடைவெளி ஆப்பு வடிவில் ஒரு பக்கம் சிறுத்தே இருந்தால் நிலை சாய்ந்திருக்கிறது.

எங்களுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து இருந்தன. 2008-இல் அப்பா மாற்றிய கதவு, அறைக்குப் போடுகிற பிளைவுட் கதவு. மேலே சாயம் அடித்திருந்தார், ஆனால் தலையிலும் அடியிலும் அடிக்கவில்லை. பெரும்பாலோர் அடிப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத இடமாயிற்றே. அந்த இரண்டு விளிம்பு வழியாகத்தான் தண்ணீர் உள்ளே ஏறும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அப்பா இழைப்புளியால் கொஞ்சம் சீவுவார். சீவிய இடத்தில் பச்சை மரம் வெளியே தெரியும், அடுத்த மழைக்கு அது இன்னும் குடிக்கும். கதவைச் சரிசெய்ததாக நினைத்து ஒவ்வோர் ஆண்டும் அதற்கு வாய் திறந்துவிட்டிருக்கிறார், பாவம்.

நிலை சாய்ந்திருப்பதைத் தூக்குக்குண்டு காட்டியது. மேலிருந்து கீழ்வரை 8 மில்லிமீட்டர், பூட்டுப் பக்கமாக. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தேன். ஒன்றுக்கும் மற்றதற்கும் 6 மில்லிமீட்டர் வித்தியாசம். அகலத்தை மூன்று இடத்தில் அளக்கச் சொன்னார் பெரியப்பா: மேலே 913, நடுவில் 914, கீழே 917. கதவு தானாகச் சாத்திக்கொண்டதன் மர்மமும் அப்போதுதான் விளங்கியது. கீல்கள் இருக்கும் கோடு பூட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தால், கதவு தன் எடையாலேயே மெல்லப் போய் மூடிக்கொள்ளும். அம்மாவின் குழவிக்கல்லுக்கு அதுதான் வேலை.

கடைசியாக ஒரு சோதனை. நிலையின் நான்கு மூலையிலும் சின்ன ஆணி அடித்து, குறுக்காக இரண்டு நூல் கட்டினோம். நடுவில் இரண்டு நூலும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருந்தால் நிலை முறுக்கிக்கொள்ளவில்லை. இடைவெளி அதிகம் இருந்தால், எவ்வளவு நேரான கதவை வைத்தாலும் மேலே முட்டி, கீழே விலகித்தான் நிற்கும். நல்லவேளை, எங்களுக்கு 2 மில்லிமீட்டர்தான்.

"நிலை கோணலா இருக்கு. அது நாப்பது வருசமா அப்படித்தான் இருக்கு, இனி நேராகாது. கதவைத்தான் அதுக்கு ஏத்த மாதிரி கோணலாச் செய்யணும்" என்றார் பெரியப்பா. எல்லா அளவையும் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டேன்.

எழுதிய அட்டையை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். இதுதான் அந்தத் தவறு. "3-க்கு 7 கதவு இருக்கா?" என்று கேட்டேன். இருக்கிறது என்றார்கள். பார்க்க அழகாக இருந்தது. பணம் கட்டி, லாரியில் ஏற்றி வந்து, சுவரில் சாய்த்து அளந்தால் 900-க்கு 2100 மில்லிமீட்டர். மூன்றடி என்றால் 914. ஏழடி என்றால் 2134. மீட்டர் கணக்கில் செய்த கதவையும் வாய்ப்பழக்கத்தில் 3-க்கு 7 என்றுதான் கூப்பிடுகிறார்கள். பழைய வீட்டு நிலையோ அடிக் கணக்கில் செய்தது. அகலத்தில் 14 மில்லிமீட்டர் குறைந்தால் கதவைச் சுற்றி விரல் போகும். மரத்தைச் சீவிக் குறைக்கலாம், சீவி வளர்க்க முடியுமா? மாற்றித் தந்தார்கள். போக வர லாரிக் கூலி இரண்டு முறை என் தலையில். கதவு வாங்கப் போகும்போது அளவு நாடாவைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் சொல்லும் எண்ணை நம்பாமல், நீங்களே கதவின் மேல் நாடாவை வைத்துப் பாருங்கள்.

கனத்தையும் பார்க்க வேண்டும். நம் வீட்டு நிலைகளில் கதவு உட்காருவதற்கென்று ஒரு படி வெட்டியிருப்பார்கள். அம்மா வீட்டு நிலையில் அந்தப் படியின் ஆழம் 40 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் கனத்தில் வரும் ஆடம்பரக் கதவை அதில் வைத்தால் நிலையைவிட்டுத் துருத்திக்கொண்டு நிற்கும், கீலும் பூட்டும் பொருந்தாது.

மரம் எது? கடையில் மெராந்தியும் ஞாத்தோவும் இருந்தன. எதுவானாலும் வாசலுக்குச் சட்டமும் பலகையும் கோத்த கெட்டிக் கதவுதான் நல்லது. மரம் நீளவாக்கில் அநேகமாக வீங்காது, அகலவாக்கில்தான் வீங்கும். சட்டம் கோத்த கதவில் நடுப்பலகை தன் காடிக்குள்ளேயே வீங்கிச் சுருங்கிக்கொள்ளும். கதவின் மொத்த அகலத்தைக் கூட்டுவது இரண்டு பக்கத்துச் சட்டங்கள் மட்டுமே. நான் வாங்கியது ஞாத்தோ, 40 மில்லிமீட்டர் கனம், 915-க்கு 2134. தூக்க இரண்டு பேர் வேண்டும்.

வந்த கதவை உடனே மாட்டக்கூடாது என்று பெரியப்பா கட்டளை. ஹாலில் மூன்று கட்டைகளின் மேல் படுக்க வைத்தோம். பத்து நாள். அந்த வீட்டுக் காற்றின் ஈரத்துக்கு மரம் பழக வேண்டும். அம்மா அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பத்தாவது நாள் அதன்மேல் முறுக்குத் தட்டு இருந்தது.

மாட்டும் நாளைக் குறித்தது அம்மா. பொங்கலுக்கு முன் முடிய வேண்டும். சனிக்கிழமை ராகு காலம் 9 மணியிலிருந்து 10.30 வரை. "பழசை 9 மணிக்கு முன்னாடி கழட்டிடு. புதுசை 10.30-க்கு மேல மாட்டு." எங்களுக்கும் அதுவே வசதியாகிவிட்டது. நடுவில் இருக்கும் ஒன்றரை மணி நேரம் சீவுவதற்குச் சரியாக இருந்தது. சாயங்காலம் மழை வரும் ஊரில் கதவு வேலையை விடியற்காலையில் தொடங்குவதும் புத்திசாலித்தனம். 7.30-க்கு ஆரம்பித்தோம். பழைய கதவு இறங்கியதும், வெறும் நிலையைத் துடைத்து மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டு, "இனி என்ன வேணா செய்ங்க" என்று உள்ளே போய்விட்டார்.

சீவும் கணக்கு இதுதான். பக்கத்துக்கு 3, தலையில் 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அதற்குக் குறைந்தால் மழையில் இறுகும், கூடினால் பார்வைக்கு அசிங்கம், காற்றும் கொசுவும் வரும். அடியில் டைல்ஸுக்கு மேல் 7. ஆக அகலம் மேலே 907, கீழே 911. உயரத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அப்பா பழைய சிமெண்டுத் தரையின் மேலேயே டைல்ஸ் ஒட்டியிருந்தார். ஏழடி நிலையில் மிச்சம் 2122 மில்லிமீட்டர்தான். கதவு 2112-ஆகக் குறைய வேண்டும். 22 மில்லிமீட்டரையும் கீழ்ச்சட்டத்தில் வெட்டினோம். அது அகலமான சட்டம், தாங்கும். பக்கச் சட்டங்களில் அவ்வளவு கை வைக்கக்கூடாது, இரண்டு பக்கமும் சமமாகச் சில மில்லிமீட்டர் மட்டுமே. இல்லாவிட்டால் உள்ளே கோத்த முளை வெளியே வந்துவிடும். நிலையின் சாய்வுக்காகத் தலைப்பக்கம் கீல் மூலையில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக எடுத்தோம். அடியில் அதற்கு எதிர்மூலையில் அதே அளவு.

இந்த எண்கள் அம்மா வீட்டு நிலைக்கு மட்டும். உங்கள் நிலை வேறு எண்களைச் சொல்லும்.

பூட்டுப் பக்க விளிம்பைச் செங்குத்தாக விடக்கூடாது என்பது எனக்குத் தெரியாத விஷயம். கதவு வளைந்து திரும்பி வரும்போது அதன் பின்முனை நிலையில் இடிக்கும். அதனால் மூடும்போது நிலைக்குள் முதலில் நுழையும் முனையை 1.5 மில்லிமீட்டர் போல உள்வாங்கிச் சீவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கதவு மூடும்போது வரும் அந்த மெத்தென்ற ஓசை இதனால்தான்.

கீல் இடத்தைக் குறிக்கப் பெரியப்பா நாடாவைத் தொடவிடவில்லை. ஒரு நீளமான மெல்லிய சட்டத்தை எடுத்து, நிலையின் தலையில் முட்டக் கொடுத்து, பழைய கீல் பள்ளங்களின் மேலும் கீழும் பென்சிலால் கோடு போடச் சொன்னார். பூட்டு ஓட்டைக்கும் அதே சட்டத்தில் ஒரு கோடு. பிறகு அந்தச் சட்டத்தைப் புதுக் கதவின் பக்கத்தில் வைத்து, அதே கோடுகளைக் கதவுக்கு மாற்றினோம். ஒன்றை மறக்கக்கூடாது: சட்டத்தின் தலை கதவின் தலையைவிட 3 மில்லிமீட்டர் மேலே துருத்தி நிற்க வேண்டும், தலை இடைவெளி அது. நான் இரண்டையும் சமமாக வைத்தேன். "தம்பி, கதவு மேல போய் முட்டுமே" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

பழைய கதவுக்கு இரண்டே கீல். கெட்டிக் கதவுக்கு மூன்று வேண்டும், 4 அங்குல எவர்சில்வர் கீல். நிலையிலும் கதவிலும் உளியால் எடுக்கும் பள்ளம் கீல் தகட்டின் கனம்தான் இருக்க வேண்டும். ஆழமானால் கதவு மூட மறுத்துத் திமிறும், மேலே நின்றால் இடைவெளி விரியும். மேல் கீலைப் பெரியப்பா வேண்டுமென்றே கொஞ்சம் ஆழமாக இறக்கினார், கீழ்க் கீலுக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டு கொடுத்தார். சாய்வைக் கொஞ்சம் ஏமாற்றும் வித்தை. முழுதாகப் போகவில்லை, குறைந்தது.

செங்காலில் ஸ்குரு போடுவது ஒரு தனிக் கதை. எவர்சில்வர் ஸ்குரு பார்க்கப் பளபளப்பு, ஆனால் மென்மை. முதல் ஸ்குருவை முடுக்கும்போது தலை தனியாக என் கையில் வந்துவிட்டது. உடல் மரத்துக்குள். அதைத் தோண்டி எடுக்க அரை மணி நேரம். பிறகு சொன்ன முறைப்படி செய்தேன்: பழைய ஓட்டைகளில் கெட்டி மர முளையைப் பசையோடு அடைத்து, ஸ்குருவைவிடச் சிறிய டிரில் முனையால் முழு ஆழத்துக்கும் துளை போட்டு, அதே அளவு சாதாரண இரும்பு ஸ்குருவை ஒருமுறை ஏற்றி இறக்கி மரை பிடிக்க வைத்து, கடைசியாக எவர்சில்வர் ஸ்குருவின் உடலில் மெழுகுவத்தியைத் தேய்த்து ஏற்ற வேண்டும். வெண்ணெய்யில் இறங்குவதுபோல் இறங்கியது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே பெரியப்பா என்றேன். "ஒண்ணு உடைஞ்சாத்தான் மனசுல நிக்கும்" என்றார்.

கதவை நிறுத்த அடியில் ஆப்பு கொடுத்து, ஒரு கீலுக்கு ஒரே ஒரு ஸ்குரு மட்டும் போட்டு, மூடித் திறந்து பார்த்தோம். பூட்டுப் பக்கம் நடுவில் உரசியது. இறக்கி, இரண்டு இழைப்பு. மறுபடி ஏற்றினோம். இப்படி மூன்று முறை. பொறுமை போய் மிச்ச ஸ்குருக்களை முடுக்கிவிடத் தோன்றுகிற நேரம் இதுதான். முடுக்காதீர்கள். 3 மில்லிமீட்டர் அட்டைத் துண்டு ஒன்று சுற்றிலும் தடங்கலில்லாமல் ஓடிய பிறகே மற்ற ஸ்குருக்கள்.

பொருந்தியது என்று தெரிந்ததும் கதவைத் திரும்ப இறக்கச் சொன்னார். எனக்கு அழுகை வராத குறை. ஆனால் அதுதான் அந்த நாளின் முக்கியமான வேலை. ஆறு பக்கமும் வார்னிஷ்: முன், பின், இரண்டு பக்கம், தலை, அடி. தலைக்கும் அடிக்கும் மூன்று கோட். கீல் பள்ளத்துக்குள்ளும், பூட்டுக்குக் குடைந்த துளைக்குள்ளும்கூட. அம்மாவின் துணி உலர்த்தும் காற்றாடி முழு வேகத்தில் ஓடியது. அன்று இரவு கடைசிக் கோட் காயும்வரை வாசலுக்குக் கிரில் மட்டும்தான் காவல். நான் ஹாலிலேயே பாய் போட்டுப் படுத்தேன். மறுநாள் காலை கதவை மாட்டி, வெளிப்பக்க அடியில் மழை நீரைத் தள்ளிவிடும் சரிவான சட்டம் ஒன்றையும் அடித்தோம்.

பூட்டைக் கடைசியாகத்தான் பொருத்த வேண்டும். பழைய பூட்டுக்கு உள்ளேயிருந்து திறக்கவும் சாவி வேண்டும். அம்மா அந்தச் சாவியைச் சாமி மேடையில் வைத்திருப்பார். இருட்டில், புகையில், பதற்றத்தில் 74 வயதில் ஒருவர் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? உள்பக்கம் கையால் திருகினாலே திறக்கும் பூட்டாக மாற்றினேன். கிரில்லுக்கும் சாவி இருக்கிறதே! தீ விபத்து நடக்கும் ஒவ்வொரு முறையும் தீயணைப்பு மீட்புப் படையினர் கிரில் சாவியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள் என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். கதவின் கீல் பக்கச் சுவரில், வெளியிலிருந்து கை நீட்டினால் எட்டாத தூரத்தில், ஒரு கொக்கி அடித்து அதில் மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு நடந்து வந்து சாவியை எடுக்கச் சொன்னேன். இரண்டு முறை தடவினார், மூன்றாவது முறை நேராகக் கை போனது.

அடுக்குமாடி, கொண்டோமினிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பொது நடைபாதையைப் பார்த்த உங்கள் வாசல் கதவு பெரும்பாலும் தீத்தடுப்புக் கதவாக இருக்கும். தானாக மூடும் கருவி மேலே இருந்தால் சந்தேகமே வேண்டாம். 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்களில் இவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. அதைச் சீவுவதோ, அழகான வேறு கதவை வாங்கி மாட்டுவதோ கூடாது. முதலில் நிர்வாகத்திடம் கேளுங்கள். சிங்கப்பூரில் வீவக வீட்டில் இருப்பவர்கள் கழகத்தின் அனுமதி விதிகளைப் பார்த்துவிட்டுத்தான் கதவு வாங்கப் போக வேண்டும்.

பெரியப்பா கூலி வாங்கவில்லை. அம்மா செய்த பொங்கல் தூக்கோடு அவரைக் காப்பாரில் கொண்டுபோய் விட்டேன். பழைய கதவின் உருப்படியான பாதியை வெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் முன்பு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் அலமாரித் தட்டாக அடித்திருக்கிறேன். பின் கதவுக்கு முன்னால் இப்போது எதுவும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. கூர்ந்து பார்த்தால் பூட்டுப் பக்க இடைவெளி நடுவில் 3, கீழே 4. நான் உளியை வழுக்கவிட்ட இடத்தில் நடுக் கீலுக்குப் பக்கத்தில் ஒரு வடு, மரமாவு வைத்து மறைத்திருக்கிறேன். சாய்வு மிச்சம் இருப்பதால், திறந்து வைத்த கதவு இன்னமும் மெல்ல மெல்ல நகர்ந்து வந்து மூடிக்கொள்ளப் பார்க்கிறது. காந்தக் கொண்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, டப்பாவிலேயே இருக்கிறது.

இந்த ஏப்ரலில் தினமும் சாயங்காலம் மழை கொட்டுகிறது. நாலு நாள் தொடர்ந்து பெய்த பிறகு இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டேன்.

"கதவு திறக்குதாம்மா?"

"திறக்குது. மூடுது. பூட்டிட்டேன். நீ போனை வை, நாடகம் முடியப்போவுது."

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது கதவு அகலத் திறந்து கிடந்தது, காற்று உள்ளே வர. அதைப் பிடித்து நிறுத்தியபடி குழவிக்கல் உட்கார்ந்திருந்தது. பகலில் மட்டும்தான் என்றார் அம்மா. ராத்திரி அதை அம்மிக்கே கொண்டுபோய் விடுவாராம்.